எந்த லைட்டில் பார்த்தார்கள்?

திருப்பூர் பக்கம் எங்கள் வேலம்பாளையத்தில் நான் ஷிப்புக்குப் படிக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், "பகல் ஷிப்டா, நைட் ஷிப்டா?" என்றுதான் கேட்பார்கள். கிண்டல் பண்ணுகிறார்கள் என்று முதலில் பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் புரிந்தது, நிஜமாகவே அவர்கள் காதில் அப்படித்தான் விழுகிறது. பிறந்ததிலிருந்து ஷிப்டு, ஒண்ணரை ஷிப்டு என்று கேட்டே பழகிய காது. அதில் ஷிப்பு என்று போட்டால் கடைசியில் ஒரு 'ட்' தானாக ஒட்டிக்கொள்கிறது.

என் பெரியம்மா சுப்பாத்தாள் ஒரு படி மேலே போய் வேலையே வாங்கிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

"ஷிப்டுக்குப் போறதுக்கு எதுக்கு கண்ணு பரிச்சை கிரிச்சையெல்லாம்? எங்க கம்பெனியில பேக்கிங்குக்கு ஆள் கேக்கறாங்க. நாளைக்கே வா, சேத்தி உடறேன்."

"ஷிப்டு இல்லீங் பெரீம்மா. ஷிப்பு. கப்பலு."

"கப்பலா? மிலிட்டரியா?"

"மிலிட்டரி இல்லீங்க. சரக்குக் கப்பல். நீங்க பொட்டியில போட்டு அனுப்பறீங்கல்ல, அந்தப் பனியனெல்லாம் ஏத்திட்டுப் போற கப்பல். அத ஓட்டற ஆபீசர்."

பெரியம்மா முகவாயில் கை வைத்தார். "அடக் கருமமே! டிரைவர் வேலைக்கா இத்தன படிப்பு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஊரில் சோறு வேகுவதே கப்பலை நம்பித்தான். ஷிப்மென்ட் தள்ளிப் போய்விட்டது என்றால் முதலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் முகம் தொங்கிப்போகும். ஆனால் அந்தக் கப்பலில் ஒரு மனுஷன் நின்று வழி பார்த்து ஓட்டுகிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. தூத்துக்குடிக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தால் அப்புறம் அதுவாக நீந்திப் போய்விடும் என்று நினைப்பார்கள் போல.

என் பெயர் தீனதயாளன். அவிநாசியில் பிளஸ் டூ முடித்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் காலேஜுக்குப் போனார்கள், மீதிப் பேர் கம்பெனிக்குப் போனார்கள். நான் மட்டும் இரண்டுக்கும் போகாமல், மாடியில் தகரம் போட்ட அறையில் உட்கார்ந்து, கப்பல் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குத் தயாரானேன். பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மிஷின்கள் நாள் முழுக்க ஓடும். அந்தச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத் துணை. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. மனசுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைப் படித்துவிட்டு, "டேய், இது தெரியுமாடா உனக்கு?" என்று சொல்லக்கூட ஒரு நாதி கிடையாது. நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்கள், போவேன். அவர்கள் புது வண்டியைப் பற்றியும் ஓவர்டைமைப் பற்றியும் பேசுவார்கள். நான் காந்த முள் ஏன் நேர் வடக்கைக் காட்டுவதில்லை என்று ஆரம்பித்தால், "கேப்டன் ஆரம்பிச்சுட்டாருடா" என்று எழுந்து போவார்கள். கடைசியில் நானே போவதை நிறுத்திக்கொண்டேன்.

நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அப்பாதான். அப்பா ராஜவேல் சாயப்பட்டறை ஒன்றின் லேபில் ஷேடு பார்ப்பவர். வெளிநாட்டுக்காரன் ஒரு சின்னத் துண்டுத் துணியை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பான். சாயம் போட்ட துணியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரி, தப்பு என்று சொல்வதுதான் வேலை. கொஞ்சம் மங்கினாலும், கொஞ்சம் மஞ்சள் தட்டினாலும் அப்பா விடமாட்டார். முதலாளி கெஞ்சியிருக்கிறார், மேனேஜர் சத்தம் போட்டிருக்கிறார். "ஆகாதுங்க. திரும்பப் போடச் சொல்லுங்க" என்பதோடு முடிந்தது அவர் பேச்சு. பட்டறையில் எல்லோருக்கும் அவர் மேல் எரிச்சல்தான், ஆனால் அவர் சரி என்று சொன்ன துணி எந்த நாட்டிலிருந்தும் திரும்பி வந்ததில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்து அப்பாவுக்குக் காட்டினேன். ராத்திரியில் கப்பலின் உடம்பு தெரியாது, விளக்குதான் தெரியும். ஒவ்வொரு கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. நமக்கு வலப்பக்கத்தில் குறுக்கே வரும் கப்பலின் சிவப்பு விளக்கு தெரிந்தால் நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

"பச்சை தெரிஞ்சா?" என்றார் அப்பா.

"அப்ப அவனுக்கு நாம வலப்பக்கம். அவன் ஒதுங்கோணும். நாம நேராப் போலாமுங்ப்பா."

"மாத்திப் பாத்துட்டா?"

"முட்டிக்கும். இருபது பேருக்கு மேல இருப்பாங்க உள்ள."

அப்பா டம்ளர்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "அட, இதுவும் நம்ம வேலை மாதிரித்தான் இருக்குது" என்று சிரித்தார். அன்றைக்கு எனக்கு வயிறும் மனசும் நிறைந்தது.

தேர்வில் பாஸானேன். மும்பைக் கப்பல் கம்பெனி ஒன்று நேர்முகத்தில் என்னை எடுத்துக்கொண்டது. அவர்கள் கேட்டது இன்னும் ஒன்றே ஒன்றுதான். அரசாங்கம் அங்கீகரித்த டாக்டர் ஒருவர், இவன் கடலில் வேலை செய்யத் தகுதியானவன் என்று சான்றிதழ் தர வேண்டும். அது வந்துவிட்டால் அடுத்த மாதமே வகுப்பு. எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்று கோயமுத்தூருக்குப் போனேன்.

ரத்தம், எக்ஸ்ரே, காது, பல் எல்லாம் சரி. கடைசியில் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். "என்ன நம்பர் தெரியுது, சொல்லுங்க." முதல் பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது, சொன்னேன். அடுத்த பக்கத்தில் புள்ளிகள் தெரிந்தன. அதற்கடுத்த பக்கத்திலும் புள்ளிகள் தெரிந்தன. "நம்பர் எங்கீங்க சார் இருக்குது?" என்று கேட்டேன். டாக்டர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனார்.

"சிவப்பும் பச்சையும் உங்களுக்குக் குழம்புது தம்பி. பிறவியிலேயே வர்றது. மருந்து கிடையாது. இதை வச்சுக்கிட்டு கப்பல்ல போக முடியாது, நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எனக்குச் செவப்பும் தெரியுது, பச்சையும் தெரியுதுங்க சார்."

"தெரியுதுன்னு நினைக்கறீங்க" என்றார். நல்ல மனுஷன்தான், அலட்சியமாகச் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பேனர், சேலை, வேப்பமரம், லாரி. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. எப்போதும் போல இருந்ததுதான் பயமாக இருந்தது. இந்தப் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு ஊரைப் பார்க்கிறார்கள், நான் மட்டும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இத்தனை வருஷமாக எனக்கே அது தெரியாது. சின்ன வயதில் அப்பா பச்சைத் துண்டை எடு என்றால் எது மேலாக இருக்கிறதோ அதை எடுப்பேன், தப்பாக இருந்தால் கவனமே இல்லை என்று திட்டுவார். எல்லோரும் இப்படிக் குத்துமதிப்பாகத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது, அவரை எழுப்ப மனசில்லாமல் அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா விஜயகுமாரி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்தவர், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அப்பா உட்காரவில்லை.

"எந்த லைட்டுல பாத்தாங்க?"

"என்னுங்ப்பா?"

"அந்தப் பொஸ்தகத்த எந்த லைட்டுல வச்சுக் காட்டுனாங்கன்னு கேக்கறேன்."

"ரூம்ல இருந்த டியூப்லைட்டுலதானுங்க."

"அதான பாத்தேன்!" என்று தொடையில் தட்டினார். "டியூப்லைட்டுல வச்சா எவனுக்குக் கலர் தெரியும்? படிச்சவங்களுக்கு இதுகூடத் தெரியல பாரு. நீ கவலைய உடு கண்ணு. லைட்டுதான் தப்பு."

சாயத் தொழிலில் இருக்கிற யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் லேபில் ஒரு பெட்டி உண்டு. அதற்குள் நாலு வகை விளக்கு. பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, கடை வெளிச்சத்துக்கு ஒன்று என்று சுவிட்சு மாற்றி மாற்றித் துணியைப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி இன்னொரு விளக்கில் வேறாகத் தெரியும். அதனால் நிறத்தில் தகராறு என்றால் அப்பா கண்ணைச் சந்தேகப்படவே மாட்டார். விளக்கைத்தான் சந்தேகப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. அப்பா என்னை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டிக்குள் இரண்டு துண்டுத் துணியை வைத்து முதல் விளக்கைப் போட்டார்.

"இதுல பச்சை எது, பிரவுன் எது?"

இரண்டும் எனக்கு ஒன்றுதான். "தெரியலீங்ப்பா."

"செரி, இரு." சுவிட்சை மாற்றினார். "இப்ப?"

"இல்லீங்ப்பா."

மறுபடி மாற்றினார். ஒவ்வொரு தடவையும் சுவிட்சைத் தட்டிவிட்டுத் துணியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். நாலாவது விளக்கும் ஆயிற்று. "நல்லாப் பாரு சாமி" என்றார். என்னை அவர் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் பார்த்தேன்.

அப்பா பெட்டியின் விளக்கை அணைத்தார். துணி இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தவர் நேராக மாடிக்கு ஏறி வந்தார்.

"எல்லா டாக்டரும் அதே பொஸ்தகந்தான் வச்சிருப்பாங்களா?"

"அப்படித்தானுங்க சொல்றாங்க."

"அந்தப் படமெல்லாம் போன்ல வருமா?"

வரும் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப மனப்பாடம் பண்ணிக்கலாமா கண்ணு?"

நான் அவரையே பார்த்தேன். அரை ஷேடு மாறினால் லோடு துணியைத் திருப்பி அனுப்புகிற மனுஷன். "கப்பல்ல தனியாவா நிப்பே? கூட ஒரு ஆளு நிப்பாருன்னு நீதான சொன்னே? ரேடார் கீடாரெல்லாம் இருக்குதுன்னியே?" என்றார். ஆமாம் என்றேன். இருக்கிறதுதான். அன்றைக்கு அதற்கு மேல் நானும் யோசிக்க விரும்பவில்லை. எனக்குக் கப்பல் வேண்டும், அவ்வளவுதான்.

போனில் படத்தை வைத்துக்கொண்டு அப்பா நம்பரைச் சொல்லுவார். நான் அந்தப் படத்தின் ஓரத்தில் பெரிய புள்ளி எங்கே இருக்கிறது, எந்த மூலையில் இடைவெளி இருக்கிறது என்று அடையாளம் பிடித்துக்கொள்வேன். வரிசையை மாற்றி மாற்றிக் கேட்பார். தப்பாகச் சொன்னால், "மேல ஓரத்துல பாரு, ரெண்டு குட்டிப் புள்ளி ஒட்டிட்டு இருக்குது பாரு" என்பார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, கண்ணுக்கு என்னவோ பயிற்சி என்று நினைத்து கேரட் நறுக்கிக் கொண்டுவந்து வைத்தார். சொன்னால் வெட்கம், ஆனால் உண்மை. இந்தப் படிப்பை ஆரம்பித்ததிலிருந்து என் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து என்னோடு படித்தது அந்த நாட்களில் மட்டும்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

இந்தத் தடவை கொச்சிக்குப் போனோம். வயதான லேடி டாக்டர். அப்பா எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புத்தகம் அதேதான். நான் கடகடவென்று சொன்னேன். இடையில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் திணறி, ஓரத்துப் புள்ளியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன். "நல்ல கண்ணாணு" என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, சிரித்துக்கொண்டே நீட்டினார்.

வெளியே வந்ததும் அப்பா என் தலையைப் பிடித்து ஆட்டினார். ஸ்டேஷனில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி அம்மாவுக்கு ஒரு பொட்டலம் தனியாக வைத்தார். ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவரிடம், கேட்காமலேயே, "பையன் கப்பல் ஆபீசருக்குப் படிக்கப் போறானுங்க" என்று சொன்னார். அந்த மனுஷனும் ஷிப்டா என்று கேட்பாரோ என்று பார்த்தேன். பாலக்காட்டுக்காரர், கேட்கவில்லை.

கோயமுத்தூர் தாண்டும்போது இருட்ட ஆரம்பித்துவிட்டது. வேலைக்குத் திரும்புகிற வடநாட்டுப் பையன்கள் பெட்டி நிறைய ஏறிக்கொண்டார்கள். வஞ்சிபாளையம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அடுத்தது திருப்பூர் என்று இறங்கத் தயாராக நாங்கள் வாசல் பக்கம் வந்து நின்றோம். தண்டவாளம் அங்கே வளைந்து போகிறது. தூரத்தில் ஒரே ஒரு விளக்கு மட்டும் தெரிந்தது. கம்பம் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் ஒரு விளக்கு.

எனக்கு அன்றைக்கு இருந்த உற்சாகத்தில், கையை நீட்டிக் காட்டினேன்.

"அப்பா, சிக்னல் மஞ்சளாயிருச்சுங்க. வண்டி எடுத்துருவான்."

அப்பா எட்டிப் பார்த்தார். துணியைப் பார்ப்பது போலத்தான், தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

"ஆமா கண்ணு. மஞ்சள்தான்" என்றார்.

வண்டி எடுக்கவில்லை. எங்களுக்கு நடுவில் புகுந்து ஒரு வடநாட்டுப் பையன் வெளியே எட்டிப் பார்த்தான். உள்ளே இருந்த கூட்டாளிகளிடம், "அபீ லால் ஹை" என்று கத்திவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டான்.

லால் என்றால் சிவப்பு. தெருவெல்லாம் வடநாட்டுப் பையன்கள் இருக்கிற வேலம்பாளையத்தில் வளர்ந்த எனக்கு அதுகூடவா தெரியாது?

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, செவப்புங்களா அது?"

குனிந்தபடியே செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"சொல்லுங்ப்பா."

"கூட ஒரு ஆளு நிப்பாரில்ல கண்ணு" என்றார், மெதுவாக.

எனக்கு வந்தது கோபமா, பயமா என்று தெரியவில்லை. உலகத்தில் நிறத்தைப் பற்றி நான் நம்பக்கூடிய கண் அது ஒன்றுதான். அதுவே என்னிடம் பொய் சொல்லிவிட்டது. இனி யாரிடம் கேட்பேன்? யாருமே இல்லாத ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது போல இருந்தது.

"அந்த ஆளும் உங்கள மாதிரியே ஆமான்னுட்டா என்னுங்ப்பா பண்றது?"

அப்பாவின் கை கம்பியிலிருந்து நழுவியது. என்னைப் பிடித்துக்கொண்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். எத்தனை முதலாளி கெஞ்சினாலும் மசியாத மனுஷன், கூட்டத்துக்கு நடுவில் தோள் குலுங்க அழுதார். வடநாட்டுப் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான், அவர் உட்காரவில்லை.

"வாய் வரல கண்ணு" என்றார். "செவப்புன்னு சொல்றதுக்கு எனக்கு வாயே வரல."

வண்டி கிளம்பியது. நான் முதுகில் மாட்டியிருந்த பையை முன்னால் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அதற்குள்தான் சான்றிதழ் இருந்தது.

"நாளைக்குக் கம்பெனிக்குப் போன் பண்ணி, வரலைன்னு சொல்லிடறேனுங்ப்பா."

வேண்டாம் என்று சொல்வார் என்று ஒரு நொடி காத்திருந்தேன். சொல்லிவிட்டால் நான் கப்பலுக்கே போய்விடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். அப்பா சரி என்று தலையை ஆட்டினார்.

திருப்பூரில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தோம். ரோட்டைத் தாண்டும் இடத்தில் சிக்னல் எரிந்துகொண்டிருந்தது. மேலே எரிந்தால் நிற்க வேண்டும், கீழே எரிந்தால் போகலாம், அது எனக்கு எப்போதோ பழகிப்போனதுதான். இருந்தாலும் அப்பா, சின்னப் பையனைப் பிடிப்பது போல என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"செவப்பு கண்ணு. நில்லு" என்றார்.

நின்றேன்.